அசரீரிக்குத் தொண்டை கட்டிய நாள்

அவள் ரொட்டிக் கடையில் வாயைத் திறந்தால் வரிசை அடங்கிவிடும். "ரெண்டு சின்ன ரொட்டி குடுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். முன்னால் நிற்பவர் மெல்லத் திரும்பிப் பார்ப்பார். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். கடைக்காரர் ரொட்டியைக் கையில் பிடித்தபடி, இவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாளோ என்று காத்திருப்பார். சொல்ல அவளிடம் வேறொன்றும் இருக்காது. ஒருமுறை ஒரு சிறுமி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "இந்த ஆன்ட்டிதான் நம்ம ஃபோனுக்குள்ள இருக்காங்க" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. குழந்தையின் வாயைப் பொத்திக் கடைக்கு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் அவள் தட்டச்சராகச் சேர்ந்தவள். மனுக்களைத் தட்டச்சு செய்வதும் வாசலில் நிற்பவர்களை உட்காரவைப்பதும்தான் வேலை. உறுப்பினர் ஒரு பெண்மணி. எல்லோரும் மேடம் என்பார்கள். சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது, ஊரில் என்ன காய்ச்சல் பரவுகிறது என்பதெல்லாம் தொகுதி மக்களுக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும் என்று மேடம் ஆசைப்பட்டார். வாரம் ஒருமுறை எல்லா வீட்டுத் தொலைபேசிக்கும் ஒரு சேதி போக ஏற்பாடானது. முதல் சேதியை மேடமே பேசினார். மேடை ஏறிப் பழகிய குரல். பாதிப் பேர் வணக்கம் முடிவதற்குள் வைத்துவிட்டார்கள். அடுத்து அலுவலகச் செயலாளர் பேசினார். மிச்சப் பாதியும் வைத்துவிட்டது.

"நீ பேசிப் பாரேம்மா" என்றார் செயலாளர். அவள் பேசினாள். ஒருவரும் வைக்கவில்லை. சேதி முடிந்த பிறகும் பலர் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார்களாம்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் அசரீரி. பெயர் வைத்தவர் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்விட்ச் அண்ணா. எந்தக் கருவி மக்கர் செய்தாலும் அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாததால் அவருக்கு அந்தப் பெயர். "உடம்பு இங்க டைப் அடிக்குது, குரல் ஊரெல்லாம் சுத்துது. வேற என்னன்னு கூப்பிடறது?" என்பார்.

வீட்டில் அவள் கணவருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சாப்பாட்டு மேசையில் அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "கொஞ்சம் சத்தமா பேசு. ரகசியமா பேசு. எப்படி வேணா பேசு. அந்த மாதிரி மட்டும் பேசாதே" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் அவர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நிற்கும்.

ஒலிப்பதிவு நடப்பது அலுவலகத்தின் பின்னால், பழைய நாற்காலிகள் அடுக்கிய சாமான் அறையில். சுவர்களில் எதிரொலி வராமலிருக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் மோதிரத்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். அப்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும். அந்த டொக் டொக்கை வெட்டிவிடச் சொல்லி ஸ்விட்ச் அண்ணாவிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். "வெட்டிட்டா போச்சு" என்பார். வெட்ட மாட்டார்.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எதையும் முன்கூட்டியே இரண்டு விதமாகப் பேசிவைத்துவிடுவார்கள். மசோதா நிறைவேறியது என்று ஒன்று, நிறைவேறவில்லை என்று ஒன்று. கீழ்த் தெருக்களில் பழைய குழாய்களை மாற்றிக்கொண்டிருந்ததால் வாரந்தோறும் தண்ணீரைச் சோதித்தார்கள். அதற்கும் அப்படியே. தண்ணீர் நன்றாக இருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம் என்று ஒன்று. கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று இன்னொன்று. முடிவு தெரிந்ததும் உண்மையான பதிவு ஊருக்குப் போகும். மற்றதை அன்றே அழித்துவிட வேண்டும். பொய் சேதி ஒன்று கைதவறி வெளியே போய்விடக் கூடாதே என்று செயலாளர் போட்ட சட்டம் அது.

அவளுக்கு மட்டும் அது உறுத்தும். அந்தக் கம்பளி அறையில், தோற்றுப்போன சட்டங்களெல்லாம் அவள் குரலில் நிறைவேறியிருக்கின்றன. வராத காய்ச்சல்கள் வந்திருக்கின்றன. திறக்காத மருத்துவமனையை அவள் திறந்துவைத்திருக்கிறாள். அழித்துவிட்டதாகத்தான் ஸ்விட்ச் அண்ணா சொல்கிறார். அழிந்தது எங்கே போகிறது என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

சேதி முடிந்ததும் ஒரு மணிச் சத்தம் கேட்கும். அதன் பிறகு மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம். அவற்றைக் கேட்டு எழுதிக் கொடுப்பதும் அவள் வேலையானது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தான் பார்த்தேயிராத வீடுகளுக்குள் அவள் நுழைவாள். சிலர் திட்டுவார்கள். சிலர் தெருவிளக்கு எரியவில்லை என்பார்கள். சிலர் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சுக்குப் பின்னால் ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி நகரும் ஓசை, பிறகு மெல்ல ஒரு கதவு சாத்தும் சத்தம்.

அவர்களில் ஒரு முதிய பெண்மணி வாரம் தவறாமல் பதில் சொல்வார். அவள் அவருக்குச் சரிம்மா என்று பெயர் வைத்திருந்தாள். எந்தச் சேதிக்கும் அவருடைய முதல் வார்த்தை அதுதான். "சரிம்மா. கொசுவலை கட்டிட்டேன்." "சரிம்மா. தடுப்பூசிக்குப் பேர் குடுத்துட்டேன்." அவர் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறார்கள். சாதாரணச் சளிகூட ஆகாது. சுத்தமில்லாத தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் அவராகச் சொன்னதுதான்.

விநோதம் என்னவென்றால், சரிம்மா இடைவெளி விட்டுப் பேசுவார். ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், "அப்படியா?" என்பார். மறுபடி நிறுத்துவார். சிரிப்பார். "நேத்து நீ அப்படிச் சொல்லலியேம்மா" என்பார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது ஹெட்ஃபோனை மாட்டியிருந்த அவளுக்குத் தெரியும். இருந்தும் அந்த இடைவெளிகளில், வெகு தூரத்தில், சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு கேட்கும். அவள் ஒலியைக் கூட்டிப் பார்ப்பாள். ராகம் தெரிந்த ராகமாக இருக்கும். வார்த்தை பிடிபடாது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னல் பக்கம் போய் நிற்பாள்.

அந்த வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உப்பு வெந்நீருக்கும் மாத்திரைக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதே வாரம்தான் மேடம் நெடுநாளாகப் போராடிய மசோதாவும் நிறைவேறியது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கான சேதியை அவள் முன்பே பேசிவைத்திருந்தாள். மேடம் தலைநகரிலிருந்து கூப்பிட்டு, காலையிலேயே அனுப்பிவிடச் சொன்னார்.

"தண்ணி?" என்றார் ஸ்விட்ச் அண்ணா. "சோதனை முடிவு மத்தியானம்தானே வரும்?"

"தண்ணியப் பத்திச் சொல்லாம சேதி போச்சுன்னா ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் செயலாளர். "போன வாரத்துது இருக்குல்ல, அதையே ஒட்டி விடு. இத்தனை நாளா நல்லாத்தானே இருக்கு. என்னம்மா சொல்றே?"

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். பேச முடியாதவளுக்கு அது சுலபமாக இருந்தது.

மத்தியானம் சோதனை முடிவு வந்தது. குழாய் மாற்றிய இடத்தில் சாக்கடை கலந்துவிட்டிருக்கிறது. கீழ்த் தெருக்களில் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது.

செயலாளரின் முகம் வெளுத்துவிட்டது. "மாத்தி அனுப்புங்க. கொதிக்க வைக்கச் சொல்றது ஒண்ணு இருக்குமே?"

"நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க" என்றார் ஸ்விட்ச் அண்ணா. "வாராவாரம் அழிச்சாச்சு. கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அது நல்ல தண்ணிதான்னு சொல்லுது."

"போற சேதியையாவது நிறுத்துய்யா."

"சேதி அனுப்பற கம்பெனிக்காரன்கிட்டப் பேசிட்டேன். வரிசையில நிக்கறதெல்லாம் போய்த்தான் தீருமாம்."

இம்முறை அணைத்துப் போடவும் வழியில்லை. செயலாளரே மைக்கின் முன் உட்கார்ந்து எச்சரிக்கை பேசினார். ஊர் பழக்கப்படி முதல் வாக்கியத்திலேயே வைத்தது. அலுவலக வேனில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அகலத் தெருக்களுக்கு அது போதும். சந்துகளுக்குள் வேன் நுழையாது.

அவள் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள். காலையில் வந்த பதில்களில் முதலாவதாகவே அது இருந்தது.

"சரிம்மா. நல்ல சேதி சொன்னே. இனி என் பொண்ணு லீவு போட்டுட்டு வரலாம், இல்ல?" இடைவெளி. "தண்ணியும் நல்லாயிடுச்சா? கொதிக்க வெச்சு ஆற வெச்சு எனக்குக் கை ஓஞ்சு போச்சும்மா. சரிம்மா. மாத்திரை நேரத்துக்குக் குழாய்த் தண்ணியே குடுக்கறேன்."

அவள் அந்த எண்ணை அழைத்தாள். "குடிக்காதீங்க" என்றாள். காற்று வந்தது.

"யாருங்க? ஒண்ணும் கேக்கல" என்றார் சரிம்மா. வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை. அவள் மனு அடுக்கில் முகவரியைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கீழ்த் தெருச் சந்து நடுப்பகலிலும் இருண்டிருந்தது. இருபுறமும் தோண்டிப் போட்ட மண். புதுக் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. திறந்த ஜன்னல் ஒன்றிலிருந்து அவள் குரல் கேட்டது. அடுத்த ஜன்னலிலும் கேட்டது, ஒரு வாக்கியம் பின்தங்கி. தாராளமாகக் குடிக்கலாம். தாராளமாகக் குடிக்கலாம். வரிசையில் நின்றவை வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு வாசலில் வாளியோடு நின்றவரிடம் போய்க் கையை ஆட்டினாள், உதட்டை அசைத்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஷ்... தண்ணி சேதி ஓடுது" என்று காதை உள்ளே திருப்பிக்கொண்டார். வாளியைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டு அவள் ஓடினாள். பின்னால் அவர் திட்டியது கேட்டது.

பின்கட்டு வீடு. மாடிப்படி ஏறும்போதே உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் நடக்கிறது, எல்லோரும் வாருங்கள் என்று. அந்த முகாம் முடிந்து மாதக்கணக்கு ஆகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழைப்புமணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் குள்ளமாக, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். கை ஈரம்.

"யாருங்க வேணும்?"

"தண்ணி..."

"தாகமா? அடப் பாவமே, தொண்டை இப்படிக் கட்டியிருக்கே. உள்ள வாங்க." பதிலுக்குக் காத்திராமல் போய்க் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு வந்தார். "தைரியமா குடிங்க. நல்ல தண்ணிதான். காலையிலதான் எங்க ஃபோன் பொண்ணு சொல்லிச்சு."

அவள் தம்ளரைத் தள்ளினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "நான்தான். ஃபோன்ல பேசறது நான்தான். குடிக்கக் கூடாது."

சரிம்மா அவள் வாயருகே காதைக் கொண்டுவந்து கேட்டார். பிறகு சிரித்தார். "நீங்களா? அது உள்ளதான் இருக்குங்க. கேக்குதுல்ல?"

உள்ளறையில் கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். முகமூடி தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. தலைமாட்டில் ஒரு ஸ்டூல். அதில் மாத்திரை, பாதி காலியான தம்ளர், வந்த அழைப்பைப் பதிவு செய்துகொள்ளும் பழைய தொலைபேசி. அதிலிருந்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். முகாம் முடிந்து கொசு வந்தது. கொசு முடிந்து வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்த சுவரை வீட்டுக்காரர் சரிசெய்து தர வேண்டும் என்ற சட்டம் வந்தது. எல்லா வாரங்களும் அங்கே இருந்தன. தெளிவாக, அன்பாக, களைப்பே இல்லாமல். ஹெட்ஃபோனில் சுவருக்கு அப்பால் கேட்ட முணுமுணுப்பு என்னவென்று அவளுக்கு இப்போது விளங்கியது. விளங்கியதும் இன்னும் அதிகமாகக் குளிரெடுத்தது.

"நாள் பூரா பேசும்" என்றார் சரிம்மா. "பேசலேன்னா இவரு தூங்க மாட்டாரு. நானும் அப்பப்போ ரெண்டு வார்த்தை பேசிப்பேன். மாத்திரை நேரமாச்சு. நீங்க உக்காருங்க."

அவள் குடிக்காத தம்ளரைக் கையில் எடுத்தார். அவள் குறுக்கே போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் சரிம்மாவின் கண்கள் முதல்முறையாகப் பயந்தன. "யாரு நீங்க? அந்தப் பொண்ணு பொய் சொல்லாது. நகருங்க."

அப்போது கட்டிலில் கிடந்த செல்போன் அடித்தது. கணவரின் எண்ணும் வரிசையில் நின்றிருக்கிறது. சரிம்மா அதை எடுத்து, ஒலியைக் கூட்டி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். டொக் டொக். வணக்கம் என்றாள் அவள், அதற்குள்ளிருந்து. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு விடுப்பு என்றாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றாள். அவளே கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கணம் அவளுக்கும் நம்பத்தான் தோன்றியது. அவ்வளவு நல்ல குரல்.

கருத்தைச் சொல்லும் மணி ஒலித்தது. அவள் குனிந்து, மோதிரத்தால் ஸ்டூலை இரண்டு தட்டுத் தட்டினாள்.

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். ஃபோனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து, கட்டில் கம்பியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டியது.

"குடிக்காதீங்க" என்றாள் அவள், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து. "கொதிக்க வைங்க."

சரிம்மா கணவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையிலிருந்த செல்போனைத் தூரப் பிடித்துக்கொண்டார். "அப்ப இதுல யாரு?"

"நான்தான். போன வாரத்து நான்."

சரிம்மா செல்போனைக் கட்டிலில் வைத்தார். பழைய தொலைபேசியில் அவள் பூஞ்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரிம்மா" என்றார். தம்ளரைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

ஸ்டூலில் இருந்த பாதி காலியான தம்ளரை அவள் சுட்டிக் காட்டியபோது, "அது நான் குடிச்சது" என்றார். "எதையும் நான் வாயில வெச்சுப் பாக்காம அவருக்குக் குடுக்க மாட்டேன்."

மறுநாள் சரிம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அவரைப் பாதியாக்கிவிட்டுத்தான் விட்டன. மகள் புதுச் சட்டப்படி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இருவரையும் பார்த்துக்கொண்டாள். கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்த் தெருக்களில் இன்னும் சிலர் படுத்து எழுந்தார்கள். மேடம் தானே வந்து வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டார். செயலாளர் தன் சட்டத்தை மாற்றினார். முடிவு வராமல் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் போகாது. "கொதிக்க வைங்க" என்பதை மட்டும் ஒருபோதும் அழிப்பதில்லை.

தொண்டை சரியாகி அவள் வேலைக்குத் திரும்பிய நாளில், தேங்கிக் கிடந்த பதில்களைக் கேட்க உட்கார்ந்தாள். அந்த மத்தியானம் கணவரின் செல்போனிலிருந்து பதிவானதும் அதில் இருந்தது.

மணிச் சத்தம். பிறகு மரத்தில் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இரும்பில் இரண்டு தட்டு. அதன் பின் மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஒரு கிழிந்த காற்று, குடிக்காதீங்க என்றது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது தானென்று தெரிந்தும் அந்தக் குரலை அவளால் அடையாளம் காண முடியவில்லை. அதற்குப் பின்னால், சுவருக்கு அப்பாலிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு குரல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"சரிம்மா" என்றார் அந்தப் பெண்மணி.

இரண்டில் எந்தக் குரலுக்கு அவர் அதைச் சொன்னார் என்று பதிவிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அடுப்பு பற்றும் சத்தம் வரும்வரை அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.